புஞ்சை என்று எழுதிய இடம்

செம்பாறை அணையில் தண்ணீர் பதினாலு அடிக்கு இறங்கிவிட்டது என்று பேப்பரில் படம் போட்டிருந்த வாரம், ஹாரிகா சனிக்கிழமைக்கு லீவு சொன்னாள். கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பம்புகளின் உள்பாகங்களை வரைந்துகொண்டிருப்பாள். கணவன் சாய்குமார் கம்பெனி வேலையாக ஓசூர் போயிருந்தான். வீட்டில் அவளும் நாலு மாதத்து நாய்க்குட்டியும்தான். குட்டியின் பெயர் கொள்ளு. வறுத்த கொள்ளின் நிறம் என்பதால் சாய்குமார் வைத்த பெயர். தனியாக விட்டுப் போனால் செருப்பு, சோபாவின் முனை, வாஷிங் மெஷின் குழாய் என்று ஒன்றையும் மிச்சம் வைக்காது. அதனால் அதையும் காரின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வெளிச்சம் வருமுன் கிளம்பிவிட்டாள்.

உடுமலைப்பேட்டையைத் தாண்டி இருக்கும் அந்த அணையைக் கட்டியபோது வேப்பந்துறை என்ற ஊர் முழுகிப்போனது. ஹாரிகாவின் தாத்தாவுடைய அப்பா அங்கே பெரிய விவசாயி. ஊர் போனதும் குடும்பம் கிணத்துக்கடவுக்கு வந்து தோப்பு வாங்கிற்று. அடுத்த தலைமுறையில் சிலர் கோயமுத்தூருக்குப் போய் மில் தொழிலில் இறங்கினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் மட்டும் இன்னும் 'பழைய வேப்பந்துறை' என்று போட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் அவளுக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன பொங்கலுக்குப் பெரியப்பா நரசிம்மலு பட்டா எதையோ தேடிப் பீரோவைக் குடைந்தபோது, துணி ஒட்டிய ஒரு பழைய வரைபடம் வெளியே வந்தது. அணையில் தண்ணீர் தேக்குவதற்கு முந்தைய வருஷம் அளந்து வரைந்த வேப்பந்துறை. பத்தொன்பது வீடுகளுக்கு நம்பர் போட்டு, பெருமாள் கோயில், சாவடி, இரண்டு கிணறு, ஒரு சுண்ணாம்புக் காளவாய் எல்லாம் குறித்திருந்தது. சுற்றிலும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் மேற்குப் பக்கம் அழகான கையெழுத்தில் 'புஞ்சை' என்று எழுதியிருந்தது. வரைந்தவரின் கை ஹாரிகாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு கோடுகூட நடுங்கவில்லை. அவள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அறுபது வருஷத்துக்கு முன்னால் கையால் போட்ட கோடு தரையோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகும் என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. ஊரோ தண்ணீருக்குள் இருந்தது. இப்போது அது வெளியே வந்திருந்தது.

அணையின் கேட்டருகே லஸ்கர் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பொதுப்பணித் துறை ஆள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நானூறு பேர் வந்து ஐஸ்கிரீம் வண்டியெல்லாம் நிற்கும், இன்றைக்கு வந்தது நல்லது என்றார். கரையோரமாகவே மூன்று கிலோமீட்டர் நடந்தால் கோயில் தெரியும். வெடிப்பு விட்டுக் காய்ந்த மண்ணில் நடக்கலாம். வெடிப்பில்லாமல் மினுமினுவென்று இருக்கும் இடத்தில் மட்டும் கால் வைக்கக்கூடாது, மேலே ஏடு மாதிரி காய்ந்திருக்கும், அடியில் இடுப்பளவு சேறு என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு குட்டியைக் குனிந்து பார்த்து, அதற்கும் சொல்லி வையுங்கள் என்றார்.

பக்கெட்டை விடப் பெரிய தண்ணீரைக் கொள்ளு அதுவரை கண்டதில்லை. காற்று அடிக்க அடிக்கக் கரையில் சின்னச் சின்ன அலைகள் வந்து படிந்தன. முதல் அலை காலைத் தொட்டதும் பின்னால் குதித்து, குந்தி உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த அலையைக் கடித்துப் பார்த்தது. வாயில் ஒன்றும் அகப்படாததால் மூன்றாவதையும் கடித்தது. ஓடை வந்து சேரும் இடத்தில் வெள்ளத்தில் அடித்து வந்த மணல் ஒரு பர்லாங் நீளத்துக்கு அகலமாகப் படிந்து கிடந்தது. அங்கே நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாத அளவுக்குப் பனி. ராமேஸ்வரம் போனபோது பார்த்த கடற்கரைதான் ஹாரிகாவுக்கு ஞாபகம் வந்தது. உப்பு வாசனை இல்லை, மீன் வாசனை மட்டும் இருந்தது. கவிழ்த்து வைத்த பரிசல் ஒன்றின் அடியில் குட்டி நுழைந்து, ஒரு ஜிலேபி மீனின் தலையோடு வெளியே வந்தது. அதைப் பிடுங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மணல் முடிந்ததும் கூழாங்கல். அதற்குப் பிறகு சிப்பிகள். தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு வரிசை சிப்பி செத்து ஒட்டியிருந்ததால், கரை முழுக்கப் படிப்படியாக வெள்ளைக் கோடுகள். ஒரு பழைய பாலத்தின் இரண்டு தூண்கள் தண்ணீருக்குள் நின்றன. மேலே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. வரைபடத்தில் அந்தப் பாலம் இருந்தது. போனை எடுத்து, பாலத்தை வைத்துத் திசை பார்த்துக்கொண்டாள். அங்கிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று படத்தில் கணக்குப் போட்டாள். காலால் எண்ணி நடந்தபோது பத்தடி கூட வித்தியாசம் வரவில்லை. வரைந்த மனுஷன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கோயிலில் கூரை பாதி போயிருந்தது. சாமியை அந்தக் காலத்திலேயே எடுத்துப் போய்ப் புது ஊரில் வைத்துவிட்டார்கள். கோயிலுக்கு முன்னால் தெரு இருந்ததற்கு அடையாளமாக முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர்கள் வரிசையாக நின்றன. ஏழாம் நம்பர் வீடு அவர்களுடையது. கண்டுபிடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. வாசற்படி, பின்பக்கம் பொடக்காலியில் கிணறு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி எல்லாம் படத்தில் இருந்தபடி இருந்தன. சுவரோரம் நின்று ஒரு செல்பி எடுத்துச் சாய்குமாருக்கு அனுப்பப் பார்த்தாள். சிக்னல் இல்லை. அந்த இடத்தில் நின்றால் உள்ளுக்குள் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தாள். சரியாக வரைந்திருக்கிறார்களே என்ற திருப்திதான் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு தாழப் பறந்தது. கொள்ளு அதன் பின்னால் பாய்ந்தது. கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. மேற்கே, படத்தில் ஒன்றுமே இல்லாத பக்கம் ஓடி, சின்னப் பள்ளம் ஒன்றில் இறங்கி மறைந்தது. ஹாரிகா கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பள்ளத்தில் மண் மினுமினுவென்று இருந்தது. நடுவில் கொள்ளுவின் தலையும் முன்னங்கால்களும் மட்டும் தெரிந்தன. அது கத்தவில்லை. அவளைப் பார்த்து வாலை ஆட்டப் பார்த்தது போலும், சேறு மட்டும் லேசாக அசைந்தது.

"வராதீங்க. அங்கயே நில்லுங்க," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

பள்ளத்தின் அக்கரையில் தட்டையான பெரிய பாறை. அதன் மேல் சுடிதார் போட்ட ஒரு பெண், கழுத்தில் தையற்காரர்களின் இன்ச் டேப்போடு நின்றாள். அவள் பாறையின் விளிம்புக்கு வந்து குப்புறப் படுத்து, ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டிக் குட்டியின் பிடரியைப் பிடித்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டாவது தடவை மெதுவாக, விடாமல் இழுத்தாள். கார்க் கழன்ற மாதிரி ஒரு சத்தத்தோடு கொள்ளு வெளியே வந்தது. ஹாரிகா சுற்றிக்கொண்டு பாறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் முகம், சுடிதார் எல்லாம் சேறு. குட்டி உதறிக்கொண்டிருந்தது.

ஹாரிகா உட்கார்ந்து குட்டியை மடியில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குட்டியின் கண்ணையும் மூக்கையும் கழுவிவிட்டாள். நேற்று தன் கால் ஒன்றும் இதே பள்ளத்தில் இறங்கி ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது, அதனால்தான் தெரியும் என்றாள். பெயர் இளவேனில். தாராபுரத்தில் தையல் கடை வைத்திருந்தாள். ஸ்கூட்டியில் நேற்றும் வந்தாளாம், இன்றும் வந்திருக்கிறாளாம்.

பாறையருகே மண்ணில் நாலு மரக்குச்சிகள் அடித்து நூல் கட்டியிருந்தது. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கிடந்தன. என்ன அளக்கிறீர்கள் என்று ஹாரிகா கேட்டாள். இளவேனில் முகத்துச் சேற்றைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

அவள் அப்பா பிரான்சிஸ் பிறந்தது இங்கேதான். பண்ணைகளில் வேலை செய்தவர்களின் வளவு ஊருக்கு மேற்கே இருந்ததாம், இருபத்திரண்டு வீடு. அணைத் தண்ணீர் ஏறியபோது அவருக்கு ஆறு வயசு. பிறகு லாரி டிரைவராகி நாடெல்லாம் சுற்றினார். அடிக்கடி இந்த வளவைப் பற்றிப் பேசுவார். இளவேனிலின் அண்ணன் ஒரு தடவை தாலுகா ஆபீஸில் பழைய படத்தைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே வளவே கிடையாது, வெறும் புஞ்சைதான், அப்பா சின்ன வயசில் எதையோ எதையோடோ சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

"பொய் சொல்ற மனுஷன் இல்லீங்க அவரு. ஆனா இங்க வந்து பாத்தா ஒண்ணுமே இல்லீங்க. நேத்துப் பூரா தேடிட்டேன். ஒரு செவுரு இல்ல, ஒரு படி இல்ல. இருபத்திரண்டு ஊடு எங்கீங்க போகும்?"

ஹாரிகா சுற்றிப் பார்த்தாள். மண், சிப்பி, பாறை. அந்தப் பக்கம் கல் வீடுகள் படியும் தொட்டியுமாக அப்படியே நிற்கின்றன. இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மண் சுவரும் பனையோலைக் கூரையுமாக இருந்திருந்தால் முதல் மழைக்காலத்துத் தண்ணீரிலேயே கரைந்திருக்கும். அதைச் சொன்னாள். இளவேனில் அதை முன்பே யோசித்திருந்தாள். கரைந்துபோன வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் தனக்குத் தெரியவில்லை என்றாள். அது நல்ல கேள்வியாக ஹாரிகாவுக்குப் பட்டது.

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே கொள்ளு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பாறையில் அங்கங்கே வட்டமாக ஈர மண் திட்டுகள் இருந்தன. அதில் ஒன்றை மோந்து பார்த்து, முன்னங்கால்களால் பரபரவென்று பறித்தது. நண்டு ஒன்று குதித்து ஓடியது. குட்டி அதை விட்டுவிட்டு இன்னும் பறித்தது. தலை உள்ளே போயிற்று. ஹாரிகா அதை இழுத்துவிட்டு, குழிக்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே போனது. பக்கமெல்லாம் வழவழவென்று இருந்தது. அடியும் வழவழ.

பம்பில் எந்தப் பாகம் எப்படித் தேயும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலையில் ஒரு பகுதி. தண்ணீர் சுழன்று அரித்த குழி ஒரு பக்கம் கோணலாக இருக்கும். இது நேராக, நடுவில் ஆழமாக, ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. மேலிருந்து ஏதோ ஒன்று லட்சக்கணக்கான தடவை இறங்கித் தேய்த்த குழி.

"இது தண்ணி செஞ்சது இல்லீங்க," என்றாள்.

இளவேனிலும் மண்டியிட்டு உள்ளே கையை விட்டாள். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. "உரலுங்க இது. கம்பு குத்துற உரல். பாறையிலயே குடைஞ்சிருக்காங்க," என்றாள். பிறகு, அப்பா தெரு, கிணறு, புளியமரம் எல்லாம் சொன்னார், உரலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் கண்ணில் அது படவே இல்லை போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவளைப் பார்த்து ஹாரிகாவும் சிரித்தாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒவ்வொரு ஈரத் திட்டாகப் போய்க் கையாலும் பாட்டில் மூடியாலும் மண்ணை அள்ளினார்கள். சில வெறும் பள்ளங்கள். சில அடியில்லாமல் விரிசலில் முடிந்தன. மீதி உரல்கள். சில ஆழம், சில அரையடிகூட இல்லை. குடைய ஆரம்பித்து விட்டுவிட்ட மாதிரி. குட்டி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓடி, பறித்து, நண்டு இல்லாவிட்டால் அடுத்ததுக்குப் போயிற்று. மத்தியானத்துக்குள் பதினாலு கிடைத்தன. நீளமான பாறையின் இரண்டு பக்கமும் ஏறக்குறையப் பதினெட்டடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நடுவில் பாறை, இருபுறமும் வீடு. இளவேனில் இன்ச் டேப்பைப் பிடித்தாள். ஹாரிகா நோட்டில் குறித்தாள். பிறகு போனில் இருந்த பழைய படத்தைப் பெரிதாக்கி, குறிப்புகளை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பதினாலும் 'புஞ்சை' என்ற எழுத்துகளின் மேலேயே விழுந்தன. 'ஞ்' இருந்த இடத்தில் மட்டும் மூன்று.

இளவேனில் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். ஹாரிகா ஒரு கணம் தயங்கினாள். ஏழாம் நம்பர் வீடு தங்களுடையது, படம் தன் பெரியப்பாவின் பீரோவில் இருந்தது என்று சொன்னாள்.

"தெரியுமுங்க," என்றாள் இளவேனில். "அந்தச் செவுத்துக்கிட்ட நின்னு போட்டோ எடுத்தீங்கல்ல, அப்பவே பாத்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை, ஆனால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டேப்பில் ஒட்டிய மண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டே, நாளைக்கு அப்பாவைக் கூட்டி வரப்போகிறேன், நீங்களும் வர முடியுமா, அந்தப் படம் கையில் இருந்தால் நல்லது என்று கேட்டாள். வாரேன் என்றாள் ஹாரிகா.

திரும்பும் வழியில் அவள் கிணத்துக்கடவில் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். நரசிம்மலுவுக்கு எண்பத்தொன்று. பெரியம்மா ரங்கநாயகி சேற்றுக் குட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டே ஹாரிகா நடந்ததையெல்லாம் சொன்னாள். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உரல் என்றதும் தலையை ஆட்டினார்.

அங்கே ஆட்கள் இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார் அவர். விடிவதற்கு முன்னால் உலக்கைச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அந்தக் காலத்தில் தான் படிக்க எழுந்திருப்பது என்றார். அந்தப் படம் வரைந்தபோது அவருக்குப் பதினெட்டு வயசு. சர்வேயருக்கு அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவரே அவர்தான். ஹாரிகா குழாயை மூடினாள்.

"அப்ப ஏன் பெரியப்பா குறிக்கல?"

"ஓட்டு ஊடு, கல்லு ஊடு மட்டும் போதும்னு சர்வேயர் சொன்னாரு கண்ணு. நானும் சங்கிலிய மேக்க, அக்கட்டால இழுத்துட்டுப் போகல." பிறகு, "யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல," என்றார்.

அவர் சாப்பிட வரவில்லை. கிளம்பும்போது காரருகே வந்து நின்று, எத்தனை உரல் என்றாய் என்று மறுபடி கேட்டார். பதினாலு என்றாள். மீதி தெற்கு ஓரமாக இருக்கும், அந்தப் பக்கம் நிலம் தாழ்வு, மண் மூடியிருக்கும் என்றார். புதுசாக வரைந்தால் தனக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருவதற்கு முன்னால் ஆறு மணிக்கே அணைக்குப் போய்விட்டாள். இளவேனிலின் ஸ்கூட்டியிலிருந்து இறங்கிய பிரான்சிஸ் குள்ளமான மனுஷர், காக்கி அரைக்கைச் சட்டை, தலையில் மப்ளர். அறுபத்தெட்டு வயசு என்று சொல்ல முடியாது. கொள்ளு அவர் லுங்கியின் ஓரத்தைக் கடித்து இழுத்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. மூன்று கிலோமீட்டரும் அவர் ஊரைப் பற்றிப் பேசவே இல்லை. காண்ட்லா துறைமுகத்தில் உப்பு ஏற்றியது, பாரதீப்பில் லாரி மணலில் புதைந்தது, கடல் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நிறம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்தத் தண்ணீருக்கு என்ன நிறம் என்று நின்று பார்த்து, டீ மாதிரி இருக்கிறது என்றார்.

பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். இளவேனில் ஒவ்வொரு குழியாகக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். ஆமாம், இருந்தது, ஓடி விளையாடும்போது இதில் ஒன்றுக்குள் கால் விட்டு அடி வாங்கியிருக்கிறேன் என்றார். அதற்கு மேல் அவருக்கு அந்தக் குழிகளில் அக்கறை இல்லை. நிமிர்ந்து, கோயில் பக்கம் பார்த்துக்கொண்டே இரண்டடி வலது, நாலடி பின்னால் என்று நகர்ந்தார். ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து இன்னும் கொஞ்சம் தெற்கே போனார். குழிகளே இல்லாத இடம் அது. அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கதாங்க," என்றார்.

எப்படித் தெரியும் என்று இளவேனில் கேட்டாள். வந்து என் பக்கத்தில் உட்கார் என்றார். மூவரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த மட்டத்தில் பார்த்தபோது கோயிலின் முன்தூண் சரியாகப் பின்னால் இருந்த இரண்டு மலைகளின் நடுப் பள்ளத்தில் விழுந்தது. ஹாரிகா எழுந்து ஐந்தடி தள்ளிப் போய்ப் பார்த்தாள். தூண் பள்ளத்தை விட்டு விலகி மலையோடு கலந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி பள்ளத்தில் நின்றது. வாசலில் உட்கார வைத்துத்தான் அவருக்குச் சோறு போடுவார்களாம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தின்பாராம். அந்த இடத்தில் அவர்கள் மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். முழங்கால் ஆழம் வரைக்கும் வண்டல்தான் வந்தது. பின்னொரு நாள் ஹாரிகா வரைந்த புதுப் படத்தில் பதினாலு உரல்களும் முழுக் கோட்டில் இருந்தன. பிரான்சிஸ் உட்கார்ந்த இடத்தை, பம்ப் படங்களில் கண்ணுக்குத் தெரியாத பாகங்களை வரைவது போல, விட்டு விட்டுப் போட்ட கோட்டில் ஒரு சதுரமாகக் குறித்தாள்.

மண்ணைக் கிளறி முடித்ததும் பிரான்சிஸ் எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். வளவைப் பார்த்து முடித்தாயிற்று என்பது போல இருந்தது அவர் முகம்.

"ஏனுங்க, அந்தக் கோயிலுக்குள்ள இப்பப் போலாமுங்களா?" என்று ஹாரிகாவைக் கேட்டார்.

அவளிடம் அனுமதி கேட்கிறார் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யார் வேண்டுமானாலும் போகலாம், உள்ளே சாமிகூட இல்லை என்றாள்.

"சாமி இல்லாட்டிப் பரவால்லீங்க. உள்ள என்னதான் இருக்குதுன்னு பாக்கோணும், நெம்ப நாளா."

போகும் வழியில் சொன்னார். அந்தக் காலத்தில் அவர்கள் வளவுக்காரர்கள் புளியமரத்தைத் தாண்டி வரக்கூடாது. பையன்களெல்லாம் மரத்தில் ஏறி உட்கார்ந்து உள்ளே பார்க்க முயல்வார்களாம். இருட்டுக்குள் மேலே ஏதோ வளைந்து நெளிந்து தெரியும். தங்க ஊஞ்சல் என்பான் ஒருவன். பெரிய மீன் என்பான் இன்னொருவன். அந்தப் பெரிய மீன் எப்படித் தண்ணீரில்லாமல் இருக்கும் என்று பிரான்சிஸ் சண்டை பிடிப்பாராம். ஊரைக் காலி செய்யும்வரை அந்தச் சண்டை தீரவில்லை.

கொள்ளு முதலில் உள்ளே ஓடியது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்து, சிப்பி குத்தும் என்று போட்டுக்கொண்டே நுழைந்தார். தூண்களில் மனுஷத் தலை உயரத்துக்கு மேல் வரைக்கும் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. கருவறை வெறும் இருட்டுப் பெட்டி. எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். முன்மண்டபத்தின் நடுவில் நின்று தலையைத் தூக்கினார். கூரையில் மிச்சம் இருந்த பெரிய பலகைக் கல்லில் ஏதோ செதுக்கியிருந்தது. கழுத்து வலித்ததோ என்னவோ, மப்ளரை அவிழ்த்துத் தரையில் விரித்து, அதில் தலையை வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டார். குட்டி அவர் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஹாரிகாவும் இளவேனிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் இரு பக்கமும் படுத்தார்கள். கல் குளிர்ச்சியாக இருந்தது.

மேலே ஒரு பாம்பு நெளிந்து, வட்டமான எதையோ விழுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு மீன்கள். "மீனு இருக்குது பாருங்க," என்றார் பிரான்சிஸ் மெதுவாக. ஊஞ்சல் என்று சொன்னவன் பாம்பைத்தான் பார்த்திருக்கிறான் என்றார். அந்த வட்டம் என்ன என்று கேட்டார். ஹாரிகாவுக்குத் தெரியவில்லை. அவள் குடும்பம் கும்பிட்ட கோயில்தான், ஆனால் அவளும் இன்றைக்குத்தான் உள்ளே வந்திருந்தாள். நிலாவாக இருக்கும், கிரகணம் என்றாள் இளவேனில். நிலா என்றால் ஏன் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்றார் அவர். வெடிப்பாக இருக்கலாம் என்றாள் ஹாரிகா. வெடிப்பென்றால் பாம்பின் மேலேயும் போகவேண்டுமே என்றார் அவர். அதுவும் சரிதான்.

வெளியே முதல் கூட்டத்தின் பேச்சுச் சத்தமும் ஐஸ்கிரீம் வண்டியின் மணியும் கேட்க ஆரம்பித்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. பிரான்சிஸ் குட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படுத்தவாக்கிலேயே அடுத்த பலகைக் கல்லுக்குக் கீழே நகர்ந்தார்.